சொன்ன நாளில் ஆட்டம்: முதலாவது உதைபந்தாட்ட லீக்கின் வரலாறு

விளையாட்டு வரலாற்றில் வென்றவர் பெயர் எளிதில் நிலைத்துவிடுகிறது. அவ்வெற்றிக்கு வேண்டிய களத்தை அமைத்து, நாளைக் குறித்து, விதியை வகுத்துக் கொடுத்தவர் பெயரோ பெரும்பாலும் மறைந்துபோகின்றது. இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தொடங்கி மறு ஆண்டு இளவேனிலில் நிறைவெய்திய முதலாவது உதைபந்தாட்ட லீக் பருவம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அப்பருவத்திலே பிரெஸ்டன் நோர்த் எண்ட் என்னும் கழகம் 22 ஆட்டங்கள் ஆடி ஒன்றிலேனும் தோல்வியுறவில்லை. இச்செய்தியை உதைபந்தாட்ட ஆர்வலர் பலரும் அறிவர். ஆயின் அதே பருவத்தில் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்து, தமக்குள் ஆடுவதாக ஒப்புக்கொண்ட 132 ஆட்டங்களையும் ஒன்று விடாமல் ஆடி முடித்தன என்பதை நினைப்பவர் சிலரே. இன்று உலகெங்கும் நடைபெறும் லீக் போட்டிகளுக்கெல்லாம் அடித்தளமாய் அமைந்தது இந்த இரண்டாவது செய்தியே எனலாம்.

அந்த ஒழுங்கின் அருமையை உணர்வதற்கு அதற்கு முந்திய கால்நூற்றாண்டின் நிலையைச் சிறிது நோக்க வேண்டும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டு இலண்டனில் நிறுவப்பெற்றது. 1871ஆம் ஆண்டில் அச்சங்கம் ஒரு கிண்ணப் போட்டியைத் தொடக்கி வைத்தது. அக்காலத்தில் ஆட்டத்தை நடத்தியவரும் ஆடியவரும் பெரும்பாலும் உயர்குடியினர். புகழ்பெற்ற கல்லூரிகளிற் பயின்ற செல்வர். அவர்களுக்கு ஆட்டம் ஓய்வுநேரத்துப் பொழுதுபோக்கு. ஆட்டத்துக்காக ஒரு பென்சு பெறுவதும் இழிவென அவர்கள் கருதினர்.

வடக்கே லங்காசயரில் நிலைமை வேறு. அங்கே ஊர்கள் யாவும் பஞ்சாலைகளைச் சுற்றி எழுந்தவை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வேலைசெய்த பெண்களையும் இளைஞரையும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணியோடு விடுவித்தது. அவர்கள் சென்றபின் ஆலை ஓடுவது அரிதாகையால் ஆண்களுக்கும் அவ்விடுதலை கிடைத்தது. கிழமை முழுதும் பொறியின் ஓசையோடு வாழ்ந்தவனுக்கு ஓர் அரைநாள் தன்னுடையதாயிற்று. அந்த அரைநாளை நிரப்ப வந்தது உதைபந்தாட்டம். சில பென்சுகளை வாயிலிற் கொடுத்து ஆட்டம் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஊரையும் ஊரையும் இணைத்த புகைவண்டி, ஆடுவோரையும் காண்போரையும் எளிதிற் கொண்டுசேர்த்தது.

1883ஆம் ஆண்டில் நிகழ்ந்த கிண்ண இறுதியாட்டம் ஒரு திருப்புமுனை. அவ்வாட்டத்திலே பிளக்பேர்ன் ஒலிம்பிக் என்னும் கழகம், ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவர் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் மேலதிக நேரத்தில் வென்றது. வென்ற அணியில் நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளரும் இருந்தனர். ஆட்டத்துக்கு முன் அவர்கள் பிளக்பூல் என்னும் கடற்கரையூரிலே தங்கிப் பயிற்சி பெற்றிருந்தனர். நெசவாளன் வேலையை விட்டுப் பயிற்சிக்குச் செல்வதாயின், அந்நாட்களின் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. உயர்குடியினன் ஒரு கிழமை ஆடினாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வடபகுதிக் கழகங்கள் மறைவாகப் பணம் கொடுத்தன. ஸ்கொட்லாந்திலிருந்து திறமை மிக்க ஆட்டக்காரரை வருவித்து, ஊரிலே அவர்களுக்கு ஏதேனும் ஒரு வேலையும் தேடிக் கொடுத்தன.

இம்மறைவை வெளிப்படையாக்கியவர் பிரெஸ்டன் கழகத்தை நடத்திய வில்லியம் சடெல். பஞ்சாலையொன்றின் முகாமையாளராக இருந்த அவர், தம் ஊரின் கழகத்தை நாட்டின் முதற்கழகமாக்க உறுதிபூண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு கிண்ணப் போட்டியில் பிரெஸ்டனுடன் சமநிலையில் ஆடிய இலண்டன் கழகமாகிய அப்டன் பார்க், பிரெஸ்டன் தன் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கின்றது என முறையிட்டது. சடெல் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. உடனே வடபகுதிக் கழகங்கள் பல ஒன்றுகூடித் தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்கப்போவதாக எச்சரித்தன. ஆட்டமே இரண்டாகப் பிளவுபடும் நிலை தோன்றியதைக் கண்ட சங்கம், 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் சில கட்டுப்பாடுகளோடு தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டதும் புதியதொரு தொல்லை தோன்றியது. ஆட்டக்காரனுக்குக் கிழமைதோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். வாயிற்பணமோ கிழமைதோறும் வருவதாயில்லை. கிண்ணப் போட்டியில் ஒருமுறை தோற்றால் அந்த ஆண்டு முழுவதும் அவ்வழி அடைபட்டுவிடும். எஞ்சியவை நட்புமுறை ஆட்டங்கள். அவற்றுக்கு நாள் குறிப்பதும் மாற்றுவதும் அவரவர் விருப்பம். வேறிடத்தில் நல்ல வாயிற்பணம் கிடைக்கும் என்று கண்டால், வருவதாகச் சொன்ன கழகம் வராது நின்றுவிடும். கிண்ணப் போட்டியின் மறுஆட்டம் ஒன்று வந்தாலும் குறித்த ஆட்டம் கைவிடப்படும். சில வேளைகளில் வரும் அணியிலே பெயர்பெற்றோர் பாதிப்பேர் இருக்கமாட்டார். சனிக்கிழமை கிடைத்த கூலியிற் சில பென்சுகளை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்து நடந்துவந்த தொழிலாளி, ஆட்டமில்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவான். இரண்டொரு முறை ஏமாந்தவன் மூன்றாம் முறை வருவானா? வராவிடின் சம்பளம் எங்கிருந்து வரும்? தொழில்முறை ஆட்டம் உரிமை பெற்றுவிட்டது. வாழ வழி பெறவில்லை.

அவ்வழியைக் கண்டவர் வில்லியம் மக்கிரெகர். ஸ்கொட்லாந்தின் பேர்த்சயரிற் பிறந்த இவர், பேர்மிங்ஹாம் நகரத்தை அடுத்த அஸ்டனிலே துணிக்கடை நடத்திவந்தார். அஸ்டன் வில்லாக் கழகத்தின் நிருவாகிகளுள் ஒருவர். கடை நடத்துவோருக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: திறப்பதாகச் சொன்ன நேரத்திலே கடை திறந்திருக்க வேண்டும். 1888ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் அவர் சில முன்னணிக் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் முதன்மையான பத்துப் பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதன் ஊரிலும் தன் ஊரிலுமாக ஆண்டுதோறும் ஆடுவதென உடன்பட வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். கிரிக்கெட் ஆட்டத்தில் மாவட்ட அணிகள் தமக்குள் ஆடிவந்த முறை அவருக்கு முன்மாதிரியாயிருந்தது.

அதே மாதம் 23ஆம் நாள், கிண்ண இறுதியாட்டத்துக்கு முந்திய மாலையில், இலண்டன் பிளீட் வீதியிலுள்ள அண்டேர்ட்டன் விடுதியிலே முதற்கூட்டம் நடைபெற்றது. ஏப்பிரல் 17ஆம் நாள் மன்செஸ்டரின் றோயல் விடுதியில் லீக் முறைப்படி நிறுவப்பெற்றது. ‘உதைபந்தாட்ட லீக்’ என்ற பெயரை முன்மொழிந்தவர் சடெல். அதில் இங்கிலாந்து என்னும் சொல் இடம்பெறவில்லை; ஸ்கொட்லாந்துக் கழகங்களும் ஒருநாள் சேரக்கூடும் என மக்கிரெகர் எண்ணியதே அதற்குக் காரணம்.

சேர்ந்த கழகங்கள் பன்னிரண்டு. லங்காசயரிலிருந்து ஆறு: அக்ரிங்டன், பிளக்பேர்ன் ரோவர்ஸ், போல்டன் வொண்டரர்ஸ், பேர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன் நோர்த் எண்ட். நடுநாட்டிலிருந்து ஆறு: அஸ்டன் வில்லா, டார்பி கவுண்டி, நொட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் புரொம்விச் அல்பியன், வூல்வர்ஹாம்ப்டன் வொண்டரர்ஸ். தலைநகராகிய இலண்டனிலிருந்து ஒரு கழகமும் இல்லை. உடன்படிக்கையின் உயிர்நிலை இரண்டு விதிகளில் அடங்கியிருந்தது. குறித்த நாளில் ஆட்டம் நடைபெறவேண்டும். லீக் ஆட்டங்கள் அனைத்திலும் கழகம் தன் முழுப் பலமுள்ள அணியையே இறக்கவேண்டும். வேறு சொற்களிற் கூறின், காண வருபவனை ஏமாற்றலாகாது.

1888 செப்டெம்பர் 8ஆம் நாள், சனிக்கிழமை, முதல் ஐந்து ஆட்டங்கள் நடைபெற்றன. பிரெஸ்டன் தன் டீப்டேல் மைதானத்திலே பேர்ன்லியை ஐந்துக்கு இரண்டாக வென்றது. போல்டன் முதலில் மூன்று கோல்கள் முந்தியிருந்தும், டார்பியிடம் ஆறுக்கு மூன்றாகத் தோற்றது. எவர்ட்டன் அன்று ஆடிய மைதானம் அன்ஃபீல்ட். அது பிற்காலத்தில் லிவர்பூல் கழகத்தின் இல்லமாயிற்று. அன்றைய ஆட்டம் இன்று காண்பவருக்குச் சற்றுப் புதுமையாகவே தோன்றும். கோல் கம்பங்களுக்குப் பின்னே வலை கிடையாது. தண்டனை உதை என்பதும் இல்லை. கோல் காப்பாளர் தம் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். இரு கழகங்களும் ஒவ்வொரு நடுவரை நிறுத்தும். அவர்கள் இணங்காதபோது மட்டுமே மத்தியஸ்தரிடம் முறையீடு செல்லும். காயமுற்றவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்கவும் இயலாது.

இன்னுமொரு வியப்பு: ஆட்டங்கள் தொடங்கிவிட்டபோதும், வாகை சூடுபவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பது முடிவாகியிருக்கவில்லை. வெற்றிகளை மட்டும் எண்ணினாற் போதும் என்றனர் சிலர். சமநிலைக்கும் மதிப்பு வேண்டும் என்றனர் பிறர். நவம்பர் மாதத்திலேதான் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்று தீர்ப்பாயிற்று. புள்ளிகள் ஒத்திருப்பின், போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் விகிதம் முடிவுசெய்யும். செய்தித்தாளில் இன்று எவரும் தேடிப் படிக்கும் புள்ளிப்பட்டியல் பிறந்தது இங்ஙனமே.

அப்பட்டியலின் தலையிலே பிரெஸ்டன் நின்றது. முந்திய ஆண்டின் கிண்ண இறுதியாட்டத்தில் வெஸ்ட் புரொம்விச்சிடம் எதிர்பாராது தோற்ற துயரம் அக்கழகத்தின் நெஞ்சிலே இருந்தது. அணியின் பெரும்பகுதி ஸ்கொட்லாந்தர். தனி ஒருவர் பந்தைத் தள்ளிக்கொண்டே ஓடுவது இங்கிலாந்தின் பழைய முறை. பந்தை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கி முன்னேறுவது ஸ்கொட்லாந்தின் முறை. அம்முறையைப் பிரெஸ்டன் அணியினர் நெசவுத்தறியின் ஓடம் போலப் பிழையறப் பழகியிருந்தனர். முன்னணியில் ஜோன் குடோல், ஜிம்மி ரொஸ் ஆகியோர் விளங்கினர். குடோல் அப்பருவத்தில் லீக்கிலே மிகுதியான கோல்களைப் போட்டவர். தலைவராகிய பிரெட் டியூஹேர்ஸ்ட் பள்ளி ஆசிரியர். ஊதியம் பெறாது ஆடியவர். ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரும் கொள்ளாதவரும் ஒரே அணியில் இசைந்து ஆடலாம் என்பதற்கு அவ்வணியே சான்றாயிற்று.

ஒக்டோபர் மாதத்தில் டீப்டேலில் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. ஸ்டோக் அணியினர் பதினொருவரில் ஒன்பதுபேர் மட்டுமே வந்துசேர்ந்தனர். முந்திய ஆண்டுகளாயின் ஆட்டம் கைவிடப்பட்டிருக்கலாம். பிரெஸ்டன் தன் மாற்றணியிலிருந்து இருவரைக் கடனாகக் கொடுத்தது, ஆட்டம் நடந்தேறியது. பிரெஸ்டன் ஏழு கோல்களால் வென்றது. கோல்களின் தொகையைக் காட்டிலும், குறித்த நாளிலே கூடிய மக்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது என்பதே பெரிது.

இருபத்திரண்டு ஆட்டங்களின் முடிவில் பிரெஸ்டன் பெற்றவை 18 வெற்றிகள், 4 சமநிலைகள், 40 புள்ளிகள். போட்ட கோல்கள் 74, வாங்கியவை 15. இரண்டாவதாக வந்த அஸ்டன் வில்லா பெற்றது 29 புள்ளிகள்; மூன்றாவதாகிய வூல்வர்ஹாம்ப்டன் 28. பட்டியலின் அடியில் ஸ்டோக், நொட்ஸ் கவுண்டி ஆகிய இரண்டும் 12 புள்ளிகளோடு நின்றன. கடைசி நான்கு இடங்களைப் பெற்ற கழகங்கள் அடுத்த பருவத்தில் இடம்பெற மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஸ்டோக், நொட்ஸ் கவுண்டி, டார்பி, பேர்ன்லி ஆகிய நான்கும் விண்ணப்பித்துத் திரும்பவும் சேர்க்கப்பட்டன. கடைசியில் நிற்பவனுக்கும் ஆடவேண்டிய காரணம் ஒன்று இதனால் உண்டாயிற்று.

கிண்ணப் போட்டியிலும் பிரெஸ்டனின் கை ஓங்கியிருந்தது. 1889 மார்ச் 30ஆம் நாள் இலண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்தில் வூல்வர்ஹாம்ப்டனை மூன்று கோல்களால் வென்று அது கிண்ணத்தையும் பெற்றது. டியூஹேர்ஸ்ட், ரொஸ், தொம்சன் ஆகியோர் அக்கோல்களைப் போட்டனர். அப்போட்டியின் ஐந்து ஆட்டங்களிலும் பிரெஸ்டன் ஒரு கோலேனும் வாங்கவில்லை. லீக்கையும் கிண்ணத்தையும் ஒரே பருவத்திற் பெற்ற முதற்கழகம் அதுவே. அந்த இரட்டை வெற்றியை 1897இல் அஸ்டன் வில்லாவும், அதன்பின் 1961இல் டொட்டனம் ஹொட்ஸ்பரும் பெற்றன. முதனிலை லீக்கில் ஒரு பருவம் முழுதும் தோல்வியின்றி ஆடும் சிறப்பை அடைய மற்றொரு கழகத்துக்கு நூற்றுப்பதினைந்து ஆண்டுகள் சென்றன. 2003–04 பருவத்தில் ஆர்சனல் 38 ஆட்டங்களில் 26 வெற்றிகளும் 12 சமநிலைகளும் பெற்று அதனைச் சாதித்தது.

லீக்கின் வெற்றிக்குப் பன்னிரண்டு கழகங்களின் ஆற்றல் மட்டுமே காரணமாயிருக்குமோ என ஐயுறுவோர்க்கு அதே ஆண்டில் ஒரு விடை உண்டு. லீக்கில் இடம்பெறாத கழகங்கள் இருபது சேர்ந்து ‘கொம்பினேஷன்’ என்னும் பெயரில் வேறொரு கூட்டமைப்பை 1888இலேயே தொடங்கின. அங்கே ஒவ்வொரு கழகமும் தான் விரும்பிய எட்டுக் கழகங்களோடு ஆடலாம். நாள்களை அவையே தமக்குள் பேசி முடிக்கலாம். எல்லாவற்றையும் ஒருங்கு நோக்கி நாள்வரிசை வகுக்கும் நடு அமைப்பு இல்லை, புள்ளிப்பட்டியலும் இல்லை. பருவம் முடியுமுன்னரே, 1889 ஏப்பிரலில், அக்கூட்டமைப்பு கலைந்துபோயிற்று. அவையும் ஆர்வத்தோடு தொடங்கிய கழகங்களே. அவற்றுக்கும் காண்போர் இருந்தனர். எல்லாரையும் ஒருசேரக் கட்டும் ஒழுங்குதான் இல்லை.

பின்னர் நிகழ்ந்தவை மகிழ்ச்சியும் துயரும் கலந்தவை. பிரெஸ்டன் அடுத்த பருவத்திலும் லீக்கை வென்றது. அதன்பின் தொடர்ந்து மூன்று பருவங்கள் இரண்டாமிடம் பெற்றது. லீக் வாகையை அது பின்னர் என்றும் சூடியதில்லை. பெருநகர்களின் கழகங்கள் வளர்ந்தபோது, வாயிற்பணம் சிறுத்த ஊர்கள் பின்தங்கின. தொடக்க உறுப்பினருள் ஒன்றான அக்ரிங்டன் 1893இல் லீக்கை விட்டு விலகியது, 1896இற் கலைந்தது. எஞ்சிய பதினொரு கழகங்களும் இன்றும் ஆடிவருகின்றன.

சடெலின் முடிவு இரங்கத்தக்கது. தாம் வேலைபார்த்த ஆலையின் பணத்தைக் கையாடி அதிலொரு பகுதியைக் கழகத்துக்குச் செலவிட்ட குற்றத்துக்காக 1895இல் அவர் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தோல்வியறியாத அணியின் பின்னே தீராத கடன் நின்றது என்பதை ஊர் அப்போதுதான் உணர்ந்தது. சிறைமீண்ட அவர் தென்னாபிரிக்கா சென்று, அங்கே விளையாட்டுச் செய்தியாளராக வாழ்ந்தார். தொழிலாளி ஆட்டத்துக்கு ஊதியம் பெறலாம் என்று வெளிப்படையாக நின்று வாதாடியவர், அவ்வூதியத்துக்கு நேர்மையான வழியைத் தாம் காணவில்லை.

ஆட்டக்காரரின் நிலையும் உடனே செழித்துவிடவில்லை. 1901ஆம் ஆண்டு முதல் கிழமைக்கு நான்கு பவுணுக்கு மேல் எவருக்கும் சம்பளம் கொடுக்கலாகாது என்ற வரம்பு வந்தது. பின்னர் தொகை சிறிது சிறிதாக உயர்ந்தபோதிலும், வரம்பு முற்றாக நீங்கியது 1961இலேதான். மைதானத்தை நிரப்பியவன் தன் உழைப்பின் பயனை அடைய மேலும் இரண்டு தலைமுறை காத்திருந்தான்.

ஆயினும் மக்கிரெகர் எழுதிய கடிதத்தின் பயன் நிலைத்தது. 1892இல் லீக் இரண்டாம் பிரிவொன்றையும் சேர்த்து விரிந்தது. நாளடைவில் ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் ஏனைய நாடுகளிலும் அதே முறை வேரூன்றியது. 1992இல் இங்கிலாந்தின் முதனிலைக் கழகங்கள் பிரிந்து தனி லீக் அமைத்தபோதும், ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் இருமுறை ஆடும் அவ்விதியை அவை கைவிடவில்லை.

மக்கிரெகரும் சடெலும் ஒரே ஆண்டில், 1911இல், உலகை நீத்தனர். ஒருவர் ஈடிணையற்ற ஓர் அணியை ஆக்கினார். அது சில ஆண்டுகள் ஒளிவீசியது. மற்றவர் ஒரு நாள்வரிசையை ஆக்கினார். பிரெஸ்டனின் பஞ்சாலைச் சங்கொலி ஓய்ந்து நெடுங்காலமாகியும், அந்த நாள்வரிசையின்படி சனிக்கிழமை பிற்பகலிலே டீப்டேலின் வாயிற்கதவு இன்றும் திறக்கின்றது.